கையெழுத்துப் போட இடமில்லாத சர்வே

1. ஒரு கேள்வி

"இதை எழுதினது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும் செல்வி."

எங்கள் மேனேஜர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னது இது. முடியுமா என்று அவர் கேட்கவில்லை. முடியும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தக் குறிப்பை நான் எழுதக் காரணமே அதுதான்.

நான் வேலை பார்ப்பது தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உள்ள ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளும் கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளும் எங்களிடம் சில நாள் தங்கிப் போகும். நான் சிஸ்டம்ஸ் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு பிரின்டரும். யார்டு சாஃப்ட்வேர், சர்வேயர்களின் டேப்லெட்டுகள், கேமரா, வைஃபை, அலுவலகத்துக்குத் தேவையான ஆன்லைன் படிவங்கள் எல்லாம் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இதுபோன்ற அலுவலகங்களுக்கு வருகிறவர்களிடம், என்றாவது ஒரு நாள், யாராவது இதே கேள்வியை இதே தொனியில் கேட்பார்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

லேப்டாப் திரையில் இருந்தது, நாங்கள் நடத்திய பணியாளர் கருத்துக்கணிப்புக்கு வந்த ஒரு பதில். 'வேறு கருத்துகள்' என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது:

"லேடீஸ் டாய்லெட் பெட்டி. இருபது அடி. டோர்: லாக் மிஸ்ஸிங். இடது பேனல்: ஹோல் இரண்டு. ரூஃப்: துரு, ஹோல் ஒன்று. ஃப்ளோர்: பலகை உடைந்து ஆடுகிறது. லைட் டெஸ்ட்: ஃபெயில். கார்கோ வொர்த்தி இல்லை."

யார்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்களிடம் சர்வே என்றால் கருத்துக்கணிப்பு அல்ல, பெட்டியைப் பரிசோதிப்பது. ஒவ்வொரு பெட்டியும் உள்ளே வரும்போது சர்வேயர் அதைச் சுற்றி வந்து எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று குறிப்பார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்பார். எங்கிருந்தாவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது, மழையும் உப்புக் காற்றும் அந்த வழியாக உள்ளே போகும். இதுதான் லைட் டெஸ்ட். அதில் தேறாத பெட்டி 'கார்கோ வொர்த்தி' இல்லை. அதில் முந்திரி ஏற்ற மாட்டோம், பஞ்சு ஏற்ற மாட்டோம்.

யார்டின் கடைசி வரிசைக்குப் பின்னால், கழித்துப் போட்ட ஒரு இருபதடிப் பெட்டியின் பக்கவாட்டில் கதவு வெட்டி, அதைத்தான் பெண்களுக்கான கழிப்பறையாக வைத்திருந்தார்கள்.

2. நான் டைப் செய்த வரி

சென்னை தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளிலும் பணியாளர் மனநிறைவு பற்றி ஆன்லைன் சர்வே நடத்தச் சொல்லியிருந்தது. கேள்விகள் அவர்களுடையவை. படிவத்தைச் செய்தது நான். உச்சியில் இருந்த ஆங்கில வரியைத் தமிழாக்கியதும் நான்: "இதில் பெயர் இல்லை. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. தயங்காமல் எழுதுங்கள்." அந்தத் 'தயங்காமல்' மூலத்தில் கிடையாது. நானாகச் சேர்த்தது. சேர்த்துவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட உணர்ந்தேன்.

அதே கையால் வேறு இரண்டு காரியங்களும் செய்தேன்.

ஒன்று: எந்தப் பிரிவில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று தலைமை அலுவலகம் கேட்டதால், அலுவலகம், கேட், யார்டு என மூன்று தனித்தனி லிங்க் செய்தேன்.

இரண்டு: அவர்கள் அனுப்பிய முதல் கேள்வியை, ஆணா பெண்ணா என்பதை, அப்படியே விட்டேன். யார்டு பட்டியலில் பதினொரு ஆண்கள், ஒரே ஒரு பெண். யார்டு லிங்க்கில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்பதும் ஒன்றுதான் என்பது படிவம் செய்யும்போதே என் கண்ணில் பட்டது. மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டேன். கேன்டீன் போர்டில் 'ஆன்லைன் சர்வே, அனைவரும் கலந்துகொள்ளவும்' என்று பெரிய எழுத்தில் ஒரு தாளும் ஒட்டினேன்.

அந்த ஒரு பெண் ஆன்சி.

3. ஆன்சி

புன்னைக்காயலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். எங்கள் யார்டின் முதல் பெண் சர்வேயர். நாற்பதடிப் பெட்டியின் கூரையில் ஏறி நின்று போட்டோ எடுப்பாள். "கீழ விழுந்துராத தாயி" என்று லாரி டிரைவர் யாராவது கத்தினால், "விழுந்தா ஒங்க வண்டி மேலதான அண்ணாச்சி விழுவேன், டேமேஜ்னு ஒங்க பேர்லதான் எழுதுவேன்" என்று அங்கிருந்தே பதில் சொல்வாள். புரொபேஷன் முடிய மூன்று வாரம் இருந்தது. முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

"இது யார்டு லிங்க்ல வந்ததுதானே?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஆமா சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"பெண்ணுன்னு டிக் பண்ணியிருக்கு. சர்வே பாஷையில எழுதியிருக்கு. அப்போ ஆன்சிதான். நீங்க அதை உறுதிப்படுத்திக் குடுங்க. டைம், ஐபி எல்லாம் இருக்கும்ல?"

அவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பது பிறகுதான் புரிந்தது. தலைமை அலுவலகத்தின் வீடியோ காலில் ஒருவர் இந்தப் பதிலை எல்லாருக்கும் முன்னால் வாசித்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அதற்கு முன்பு நடந்த ஆடிட்டில், 'பெண்களுக்கான வசதி: திருப்தி' என்று கையெழுத்துப் போட்டவர் எங்கள் மேனேஜர். பெட்டியில் ஓட்டை இருந்தது அவரைச் சுடவில்லை. அதை யாரோ எழுதிவிட்டதுதான் சுட்டது.

4. என்னிடம் இருந்த வழிகள்

என் இடத்துக்கு வந்து ஒரு தாளில் பட்டியல் போட்டேன். பெயர் கேட்காத ஒரு படிவத்தில் எழுதியவரைக் கண்டுபிடிக்க எத்தனை வழிகள் என்று பாருங்கள்:

அ. மின்னஞ்சல். 'ஒருவருக்கு ஒரு பதில்தான்' என்று படிவத்தில் நிபந்தனை வைத்தால் லாகின் செய்துதான் உள்ளே வர முடியும். கூடவே முகவரியைச் சேகரிக்கும் பொத்தானையும் அழுத்தினால் முகவரி தானாக வந்து உட்காரும். நல்லவேளையாக நான் அழுத்தவில்லை.

ஆ. தனி லிங்க். பிரிவுக்கு ஒன்று, சில நிறுவனங்களில் ஆளுக்கே ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைசி நான்கு எழுத்து மட்டும் மாறும்.

இ. குறுக்குக் கேள்விகள். பிரிவு, வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நான்கையும் சேர்த்து வடிகட்டினால் ஒரே ஆள் நிற்பார்.

ஈ. நேரம். ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் பதிவாகும். யாருக்கு எப்போது என்ன வேலை என்ற ரோஸ்டரையும் கேமராவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் யார் கையில் ஃபோன் இருந்தது என்று தேடலாம்.

உ. வைஃபை. படிவம் சொல்லாததை எங்கள் வைஃபையின் பதிவு சொல்லும். எந்த ஃபோன் எந்த நிமிடத்தில் எந்தத் தளத்துக்குப் போனது என்று அதில் இருக்கும்.

ஊ. பதில் சொல்லாதவர்களின் பட்டியல். 'முடிச்சிட்டீங்களா' என்று ஒவ்வொருவரிடமும் அன்பாகக் கேட்டு நினைவூட்டினால் போதும். கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருப்பவர் தெரிவார்.

எ. எழுத்து. அவரவர் சொல், அவரவர் பிழை.

ஏழு வழி. இத்தனையும் தெரிந்த நான்தான் 'யாருக்கும் தெரியாது' என்று டைப் செய்திருந்தேன். தெரியாமல் சொன்னால் அது தவறு. தெரிந்தே சொன்னால் அதற்கு வேறு பெயர்.

5. பெட்டிக்குள்

என் பதிலுக்கு மேனேஜர் காத்திருக்கவில்லை. மதியமே ஆன்சியைக் கூப்பிட்டு, "புரொபேஷனை நீட்டிக்க வேண்டியிருக்கும், உங்க அட்டிட்யூட் சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். உள்ளே அல்ல, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரலால் கூப்பிட்டாள். யார்டு ஷூவோடு யாரும் அலுவலகத்துக்குள் வரக்கூடாது என்பது எங்கள் விதி.

"நான் எழுதலக்கா."

"சரி."

"சரின்னா? நம்புதியளா, இல்லையா?"

"நம்புறேன் ஆன்சி."

"அவரு நம்பல. சிஸ்டம்ல வந்திருக்கு, பொய் சொல்லாதங்காரு. யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான டைப் பண்ணுனிய? நாங்கூட அதுல நல்லபடியாத்தான் எழுதுனேன். எல்லாம் திருப்தின்னுதான் போட்டேன், ஆணா பெண்ணாங்கிற கேள்வியக்கூட தொடாம விட்டுட்டேன். கன்ஃபர்ம் ஆகட்டும், பெறவு பேசிக்கிடலாம்னு அந்தப் பெட்டியப் பத்தி வாயே தொறக்கல. வாயப் பொத்திக்கிட்டு இருந்ததுக்கு இந்தப் பரிசு."

அவள் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கடைசி வரிசையைத் தாண்டியதும் அந்தப் பெட்டி நின்றது.

அந்த யார்டில் மூன்று வருடம் வேலை பார்த்தும் அதுவரை நான் அதற்குள் போனதில்லை. அலுவலகப் பெண்கள் நான்கு பேருக்கும் டைல்ஸ் போட்ட கழிப்பறை இருந்தது. இந்தப் பெட்டி ஆன்சிக்கும், கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் பெண்கள் ஐந்து பேருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இடது பக்கம் இரண்டு வட்டம் வெளிச்சம், இடுப்பு உயரத்தில். அதன் வழியாக லாரி நிறுத்துமிடம் தெரிந்தது. ஒரு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எனக்கு அவர் தெரிந்தால் அவருக்கு நான் தெரிவேன்.

எழுதியவர் ஒரு வார்த்தையும் கூட்டி எழுதவில்லை.

6. காப்பாற்ற ஒரு வழி

அன்று மாலை நேரப் பதிவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆன்சியைக் காப்பாற்றத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் வந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு. அதே நேரத்தில் ஆன்சியின் டேப் கேட்டில் ஒரு பெட்டியின் போட்டோக்களை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மேனேஜரின் மேஜையில் ஒரு தாளை வைத்தால் முடிந்தது.

பிரின்ட் எடுக்கப் போன கை நின்றுவிட்டது. அவர் அடுத்து என்ன கேட்பார்? "அப்போ பதினொன்னு நாப்பதுக்கு யார்டுல யாரு சும்மா இருந்தா?" ரோஸ்டரில் அந்த நேரத்தில் வேலை குறிக்கப்படாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவரை விடுவிக்க நான் கொடுக்கும் தகவல் இன்னொருவரின் தோளில் போய்க் கை வைக்கும். நல்ல காரணத்துக்காகத் திறந்தாலும் திறந்த கதவு திறந்ததுதான்.

மறுநாள் காலை ஆன்சியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"எனக்குச் சாட்சி ஒங்க கையில இருக்கு. இருந்தும் காட்ட மாட்டிய. அப்படித்தான?"

"வேற ஒருத்தர் மாட்டுவாங்க ஆன்சி."

"நான் மாட்டியிருக்கேம்லாக்கா!"

அவள் சொன்னதில் தவறே இல்லை. நான் செய்தது இவ்வளவுதான்: மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், எழுதினது யாருன்னு நான் பார்த்துச் சொல்லப் போறதில்ல."

"முடியாதா? இல்ல, செய்ய மாட்டீங்களா?"

"முடியும். செய்ய மாட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தது நான். பொய் சொன்னதுக்கு நடவடிக்கை எடுக்கணும்னா என் மேல எடுங்க. லிங்க்கை வச்சும் ஆணா பெண்ணான்னு வச்சும் ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கீங்க. அது ஆதாரம் இல்ல சார், வடிகட்டல். தலைமை அலுவலகத்துக்கும் இதையே மெயில் போட்டிருக்கேன். உங்களுக்கும் காப்பி இருக்கு."

அவர் லேப்டாப்பை மூடினார். "நல்ல வேலைல இருக்கீங்க செல்வி. நல்லபடியா இருங்க" என்றார். மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

7. ஷூவோடு வந்தவர்

நான் அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. எங்கள் சீனியர் சர்வேயர் கொம்பையா அண்ணாச்சி உள்ளே வந்தார். காலில் சேறு படிந்த ஷூ. அவருக்குப் பின்னால் கையில் வாரியலோடு இசக்கியம்மா. யார்டைப் பெருக்கும் கான்ட்ராக்ட் பெண்களில் மூத்தவர். அண்ணாச்சி செவ்வாய் மதியத்திலிருந்து ஒரு கப்பல் வேலையாகத் துறைமுகத்துக்குள் இருந்தார். அன்று காலைதான் திரும்பியிருந்தார். கேட்டிலேயே இசக்கியம்மா அவரைப் பிடித்து ஆன்சிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டார்.

"சார், அந்தப் பெட்டி சர்வே நான் பண்ணுனது" என்றார் அண்ணாச்சி.

மேனேஜருக்குப் புரியவில்லை. "நீங்களா? பெண்ணுன்னு போட்டிருக்கே?"

"ஆணா பெண்ணான்னு கேட்டிருந்திச்சு. பெட்டி யாருக்குள்ளது? பொம்பளையாளுகளுக்குள்ளது. அதான் பெண்ணுன்னு போட்டேன். வேற எப்படிப் போடச் சொல்லுதிய?"

"நாந்தான் அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் இசக்கியம்மா. "சர்வே, எல்லாரும் கலந்துக்கிடணும்னு போர்டுல ஒட்டியிருந்திய. கான்ட்ராக்ட் ஆளுகளுக்கு லிங்க் மெசேஜ் ஒண்ணும் வரல. ஒம்பது வருசமா அதுக்குள்ள போயிட்டு வாரோம், வாற போற பெட்டியெல்லாம் சர்வே பண்ணுதாவ, எங்க பெட்டிய ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சரி, இப்பமாவது நேரம் வந்துச்சேன்னு இவுகளக் கூப்பிட்டேன். இவுக உள்ள நின்னு கதவச் சாத்திக்கிட்டு லைட்டு பாத்தாவ, நான் வெளிய காவல் நின்னேன். பொம்பளையாளுக கக்கூஸுக்குள்ள அண்ணாச்சி என்ன செய்யுதாருன்னு நாலு டிரைவருமாரு நின்னு சிரிச்சானுவ. சிரிங்கலே, நல்லாச் சிரிங்கன்னுட்டேன்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அவருக்கு என்மேல் ஒரு மனக்குறை இருந்தது.

"இருவது வருசமா சர்வே பண்ணுதேன் மேடம். கையெழுத்து இல்லாம ஒரு ரிப்போர்ட்டு விட்டதில்ல. ஒங்க ஃபாரத்துல பேரு போட இடம் எங்கன இருக்கு? கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். இடம் விட்டிருந்தியன்னா இந்தப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். "அட, கொம்பையா! இதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேய்யா. போங்க, சரி பண்ணிடலாம்."

அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தச் சிரிப்பு. அதே சொற்கள். ஒரு பெண் எழுதினாள் என்று நினைத்தபோது அட்டிட்யூட். இருபது வருட சர்வீஸ் உள்ள ஆண் எழுதினார் என்றதும் தமாஷ். முந்தின நாள் மதியத்திலிருந்து ஆன்சி தன் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பெட்டி ஏறினாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கன்ஃபர்மேஷன் கடிதம் மாதக் கடைசியில், எதுவுமே நடக்காததுபோல, வந்தது.

தொழில்நுட்பமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார்டு லிங்க், பெண், சர்வே மொழி என்ற மூன்றும் கச்சிதமாக ஒரே ஆளைக் காட்டின. அந்த ஆள் தவறு. பதில் சொல்கிறவர் கேள்வியை நீங்கள் நினைத்த மாதிரிதான் புரிந்துகொள்வார் என்று எந்த விதியும் இல்லை.

8. பிறகு

பெட்டிக்குப் புதுக் கதவும் தாழ்ப்பாளும் வந்தன. ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். மறு சர்வே ஆன்சிக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை அவள் என்னோடு பேசவில்லை. அன்று டேப்போடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரலால் கூப்பிட்டாள்.

இருவரும் உள்ளே போனோம். கதவைச் சாத்தினாள். என் கையே எனக்குத் தெரியவில்லை.

"பாஸ்" என்றாள் இருட்டில். பிறகு, "கதவத் திறக்கவா, இல்ல ஒங்க ஃபாரத்தையும் ஒருக்கா இதுக்குள்ள கொண்டாந்து பாக்கியளா?" என்றாள்.

கேலிதான். ஆனால் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மறுபடி அதே சர்வே வந்தது. எல்லாருக்கும் ஒரே லிங்க் என்றேன். ஆணா பெண்ணா கேள்வியையும் பதில் வந்த நேரத்தையும் எடுத்தேன். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தேன். அனுப்பும் நாளில் வைஃபை பதிவை நிறுத்தி வைக்க எழுத்தில் அனுமதி வாங்கினேன். எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டேன். பிறகு ஆன்சியையும் இன்னும் ஆறேழு பேரையும் சோதனைக்காகப் பொய்யாக நிரப்பச் செய்து, அவள் எழுதியது எது என்று என் ஏழு வழிகளாலும் தேடினேன். எங்கும் வெளிச்சம் வரவில்லை. அதன் பிறகுதான் 'யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது' என்ற வரியை மேலே சேர்த்தேன். 'தயங்காமல்' என்பதைச் சேர்க்கவில்லை. தயங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

அடியில் ஒரு கட்டம் மட்டும் புதிதாக வைத்தேன்: 'விருப்பம் இருந்தால் மட்டும் பெயர்.' கொம்பையா அண்ணாச்சி முழுப் பெயரும் பதவியும் தேதியும் போட்டிருந்தார். இசக்கியம்மா யாரிடமோ ஃபோனை வாங்கித் தன் பெயரை எழுதியிருந்தார்.

மற்ற பதில்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அது உண்மை.